சாய்கோவ்ஸ்கி வயலின் கான்செர்ட்டோ: ஔவரின் வெட்டுகள் இன்னும் வேண்டுமா?

நாலாம்தந்தி:
என் மாணவி ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் டி மேஜர் கான்செர்ட்டோவுக்கு, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு தனி வயலின் வாசிக்கும் மூன்று பகுதிப் படைப்புக்கு, தயாராகிறாள். அவள் இரவல் வாங்கிய பிரதியில் மூன்றாம் பகுதியின் பல வரிகள் பென்சிலால் அடிக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் வயலின் கலைஞரும் ஆசிரியருமான லியோபோல்ட் ஔவர் செய்த வெட்டுகள். அத்தனையையும் அழிக்கச் சொன்னேன். 1878இல் தனக்குக் காணிக்கையாக வந்த படைப்பை வாசிக்காமல் ஒதுக்கியவர் அவர். 1881 டிசம்பரில் வியன்னாவில் துணிந்து அரங்கேற்றியவர் வயலின் கலைஞர் அடால்ஃப் பிராட்ஸ்கி. ஒதுக்கியவரின் கத்தரி நமக்கு எதற்கு?

வில்முனை:
பாதிக் கதையைச் சொல்கிறீர்கள். பின்னாளில் ஔவர்தான் இதை மாணவர்களுக்குக் கற்பித்தார். புகழ்பெற்ற வயலின் கலைஞர்கள் ஹைஃபெட்ஸும் மில்ஸ்டைனும் அவரிடம் படித்தவர்கள். ஹைஃபெட்ஸின் இசைத்தட்டில் இந்த வெட்டுகளோடு கேட்டுத்தான் நான் இந்தப் படைப்பில் மனதைப் பறிகொடுத்தேன். சாய்கோவ்ஸ்கியும் தனியே எழுதிவிடவில்லை. வயலின் கலைஞர் கோட்டெக்கை அருகில் வைத்துக்கொண்டு எழுதினார். முதலில் எழுதிய மெதுவான பகுதியையே எடுத்துவிட்டு, இப்போதுள்ள இரண்டாம் பகுதியான கான்சொனெட்டாவை வைத்தார்.

நாலாம்தந்தி:
அதை மாற்றியவர் சாய்கோவ்ஸ்கியே. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. ஔவர் நீக்கியவை பெரும்பாலும் திரும்ப வரும் இசைத்தொடர்கள். ஆனால் மூன்றாம் பகுதி நாட்டுப்புற ஆட்டம். ஒரே அடி மறுபடி மறுபடி விழுந்தால்தான் கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடும்.

வில்முனை:
களைப்பது வில் பிடிக்கும் அவளுடைய வலக்கை! முதல் பகுதியே ஏறக்குறைய 18 நிமிடங்கள். அதற்குப் பிறகு இந்த வேகம்.

பின்வரிசை:
ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கிறேன், ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். கான்சொனெட்டா மியூட் (ஒலியை மென்மையாக்கும் சிறு கவ்வி) போட்டு வாசிப்பது. அது முடிந்ததும் இடைவெளியின்றி மூன்றாம் பகுதி வெடிக்கிறது. தனி வயலின் நுழையும் முன் மியூட்டைக் குதிரையிலிருந்து, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டையிலிருந்து, எடுத்தாக வேண்டும். பதற்றத்தில் தந்தியில் விரல் பட்டு சுருதி விலகியதைப் பார்த்திருக்கிறேன். அதையும் பயிற்சியில் சேருங்கள்.

நாலாம்தந்தி:
மிக நல்ல யோசனை, நன்றி. கைக்களைப்புக்கு வழி இருக்கிறது. தினமும் மூன்றாம் பகுதியில்தான் அவள் தொடங்குகிறாள். வில்லின் நடுப்பகுதியில், இரண்டு அங்குலத்துக்கு மேல் இழுக்காமல், பாதி வேகத்தில். தோள் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கிறேன். ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுவோம்.

வில்முனை:
சரியான முறை. ஆனால் மூன்று பகுதிகளையும் நிற்காமல் ஒருமுறை வாசிக்க வைத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில் ஸ்வரங்கள் கலங்கினால் வெட்டுகளைத் திரும்பப் போடுங்கள். ஆட்டம் முக்கியம் என்றால் கடைசி அடியும் தெளிவாக விழ வேண்டும்.

நாலாம்தந்தி:
சனிக்கிழமை வாசிக்க வைக்கிறேன். வெட்டில்லாமல்.