எச்.ஐ.வி. புரோட்டியேசைத் தடுக்கும் பெப்டைடு: ஓர் ஐயம்

கேள்வி: எச்.ஐ.வி. வைரசின் புரோட்டியேஸ் (புரதங்களை வெட்டும் நொதி) வெட்டும் இடத்தைப் போலவே ஒரு சிறு பெப்டைடை, அதாவது அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலியை, வடிவமைத்தால், நொதி அதையும் வெட்டிவிடாதா? பிறகு அது எப்படி மருந்தாகும்?

மறுமொழி 1: வெட்டுப்படும் பிணைப்பை மட்டும் மாற்றுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகள் இணைந்த அந்நொதி, ஃபினைல்அலனின், புரோலின் என்ற இரு அமினோ அமிலங்களுக்கு இடையே வெட்டுவதைக் கவனித்த ஆய்வாளர்கள், அந்தப் பிணைப்புக்குப் பதிலாக நொதியால் பிளக்க முடியாத ஹைட்ராக்சிஎத்திலமீன் பகுதியைப் பொருத்தினார்கள். அதன் ஹைட்ராக்சில் தொகுதி, நொதியில் வெட்டும் வேலையைச் செய்யும் இரு ஆஸ்பார்ட்டேட் அமினோ அமிலங்களுக்கு நடுவே கச்சிதமாக அமர்ந்துகொள்கிறது. 1995இல் ஒப்புதல் பெற்ற சாக்வினாவிர் என்ற மருந்து இப்படி உருவானதே.

மறுமொழி 2: ஆயினும், பெப்டைடுச் சாயல் மிகுந்த அம்மருந்தை விழுங்கினால் சுமார் 4 விழுக்காடே இரத்தத்தை எட்டியது. மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை அடக்கும் ரிட்டோனாவிர் என்ற மற்றொரு மருந்தைச் சிறிதளவு சேர்த்த பிறகே அந்த அளவு போதுமான நிலைக்கு உயர்ந்தது.

கேட்டவர்: மிக்க நன்றி. பிணைப்பை மாற்றும் அந்த நுட்பம்தான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது.