கேம்பசன் தைக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. இடைக்கால ஐரோப்பியப் படைவீரர்கள் போட்ட கேம்பசன் என்ற துணிக் கவசத்தைக் கையாலேயே தைக்க ஆசை. சாதாரண உடுப்பு இல்லை இது. 1181இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி, சுதந்திரக் குடிமக்கள் எல்லாரும் இதை வைத்திருக்க வேண்டும் என்று ஆணையே போட்டார்.

இதில் இரண்டு வகை உண்டு. இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில் இருக்கும் கறுப்பு இளவரசரின் (இங்கிலாந்து இளவரசர் எட்வர்டின்) அங்கி பஞ்சு அடைத்து, மேலிருந்து கீழாக வரிவரியாகத் தைத்தது. இன்னொன்று, பிரான்சு அரசர் பதினோராம் லூயி தன் வீரர்களுக்குச் சொன்னது: 25, 30 மடிப்புத் துணி, மேலே மான்தோல். உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன பழைய துணிதான் நல்லதாம். கை தாராளமாக அசைய அக்குள் பக்கம் அகலமாக வெட்டச் சொல்கிறார். எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

சரி, என் சந்தேகம் இதுதான். முப்பது அடுக்கு லினனை ஒரே தையலில் பிடிக்க எந்த ஊசி, எந்த நூல்? நூலுக்கு மெழுகு பூச வேண்டுமா? பத்துப் பத்து அடுக்காகத் தைத்து, அப்புறம் சேர்த்தால் தோள் விறைத்துவிடுமா? தைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள். அக்குள் வெட்டுக்கு மாதிரிப் படம் இருந்தால் தயவுசெய்து போடுங்கள்.