மறு: மறு: ஹோமோகிராஃபுக்குத் தமிழ் என்ன? (நாளை இரவு கெடு)

வணக்கம். உலாவி எச்சரிக்கைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நாளை இரவு கோப்பைப் பூட்டிவிடுவார்கள். ஹோமோகிராஃபில் வந்து நிற்கிறேன். இணைய முகவரியில் லத்தீன் 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில் அச்சு அசலாக அதேபோலிருக்கும் சிரில்லிக் (ரஷ்ய மொழியின் வரிவடிவம்) எழுத்தைப் போட்டு வேறு தளத்துக்கு இழுத்துப்போகும் வேலை. 2005இல் பேபால் பெயரை வைத்துச் செய்துகாட்டினார்களே, அது. இப்போதைக்கு 'போலி எழுத்து' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

-----

> போலி எழுத்து

வேண்டாம் ஐயா. அறம் அறன் ஆவது போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது. இங்கே கதை தலைகீழ்: உருவம் ஒன்று, போய்ச்சேரும் இடம் வேறு. 'மயங்கெழுத்து' என்க.

-----

மயக்கத்துக்கும் இலக்கணத்தில் ஏற்கெனவே வேலை இருக்கிறதே! மெய்ம்மயக்கம் (இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வருவது) என்றால் என் மாணவர்கள் 'வெட்கம்' என்று எடுத்துக்காட்டுச் சொல்வார்கள்.

அப்புறம், சிரில்லிக் வரை ஏன் போகவேண்டும்? ஔ ஓரெழுத்து; ஒ, ள என்று தனித்தனியே தட்டினால் ஈரெழுத்து. தமிழ் எண் ௭ஐயும் எகரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஸ்ரீயை ஸகரத்தாலும் எழுதலாம், ஶகரத்தாலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுதான். 2003இல் வகுத்த புனிகோடாக (பிறமொழி முகவரியை ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடுகளால் எழுதும் முறை) மாற்றினால்தான் குட்டு வெளிப்படும். 'எக்ஸ்என்'னுக்கும் இரண்டு இடைக்கோடுகளுக்கும் பிறகு வேறு வேறு சரம் வந்து நிற்கும்.

-----

ஏட்டுச்சுவடியில் இந்தக் கூத்து எப்போதோ நடந்துவிட்டது. புள்ளி இராது, ரகரமும் காலும் ஒரே கோடு. பதிப்பித்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமா? பகரத்திலிருந்து மகரத்தைப் பிரிக்கத் தொல்காப்பியர் உள்ளே ஒரு புள்ளி வைக்கச் சொன்னதும் இதற்குத்தான். (திரி விலகுகிறது, மன்னிக்க.) என் சொல்: ஒப்புரு.

-----

'ஒப்புருத் தாக்குதல்' என்று படித்தால் எனக்குத் திருக்குறளின் ஒப்புரவறிதல் நினைவுக்கு வருகிறது. உதவி செய்ய வருகிறானா, பணத்தைப் பறிக்க வருகிறானா?

எச்சரிக்கையைப் பார்ப்பவர் பொத்தானை அழுத்த அரை நொடிதான் எடுத்துக்கொள்வார். ஆள்மாறாட்டம் யாருக்கும் புரியும். 'எழுத்து மாறாட்டம்' போதாதா?

-----

போதாது. மாறாட்டம் செயலின் பெயர். நாம் தேடுவது எழுத்தின் பெயர். ஔவும் ஒளவும் யாரையும் ஏமாற்றாமல் சும்மா கிடந்தாலும் ஒத்த உருவம்தான். அகராதியில் ஏறும்போது இந்த ஓட்டை தெரியும். மயங்கெழுத்தே என் முடிவு.

-----

உண்மைதான் அம்மா, இரண்டு சொல் வேண்டும். ஆனால் என் வரியில் வருவது செயல் மட்டும். மாறாட்டத்துக்கு நான்கு பேர், மயங்கெழுத்துக்கு நீங்கள், ஒப்புருவுக்கு அதைச் சொன்னவரே. எனவே: "இந்த ஆள்களப் பெயரில் எழுத்து மாறாட்டம் இருக்கலாம்." ஏற்றிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

-----

> ஆள்களப் பெயரில்

'டொமைன் நேம்' என்பதற்குக் களப்பெயர் என்று போன மாதம்தானே முடிவு செய்தோம்?