சர்க்கரை இல்லாத அப்பாவுக்கு எதற்குச் சர்க்கரை மாத்திரை?

பாபநாசம் பக்கத்திலிருந்து:

அப்பாவுக்கு 69 வயது. ஆறு மா நிலம், இன்றைக்கும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டுதான் மடை பார்க்கப் போவார். 2022 ஐப்பசி அடைமழையில் ராத்திரி இருமல் ஆரம்பித்தது. சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தோம். பத்தே நாளில் படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்துபோய்த் திண்ணைத் தூணில் சாய்ந்து விடியும்வரை உட்கார்ந்திருப்பார். "கொசு பிடுங்குது, உள்ள வந்து படுங்கப்பா"ன்னு நான் கத்தியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

கும்பகோணத்தில் டாக்டர் முதலில் செய்தது, கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்தியதுதான். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள். பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, 28 சதவீதம். 50க்கு மேல் இருக்கவேண்டியது. 'இதயச் செயலிழப்பு' என்ற வார்த்தையைக் கேட்டதும் அத்தை அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். டாக்டர் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்: "ஐயா, மோட்டார் நிக்கல. ஓடுது. ஆனா தண்ணிய எடுத்து வீச பலம் பத்தல. வடிய வேண்டிய தண்ணி வடியலன்னா வயல் என்ன ஆகும்? அதுதான் உங்க நுரையீரல்லயும் கால்லயும் ஆயிருக்கு." அப்பாவுக்கு அது சட்டென்று புரிந்தது. எங்களுக்கும்தான்.

நீர் பிரிய ஒரு மாத்திரை. அது போக நான்கு வகை: சாக்குபிட்ரில்-வால்சார்டான், பைசோப்ரோலால், ஸ்பைரனோலாக்டோன், டாபாக்ளிஃப்ளோசின். எல்லாமே சின்ன அளவில் தொடங்கி, பிரஷரையும் ரத்தத்தில் உப்பையும் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். எட்டு மாதம் கழித்து எக்கோவில் 46. அந்த வருஷம் சம்பா நடவுக்கு அப்பா வரப்பில் நின்றார்.

2024இல்தான் தப்பு நடந்தது. மாத்திரை வாங்கப் போனபோது கடையில் இருந்த பையன், "ஐயா, இது சுகர் மாத்திரையாச்சே, உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். "எனக்கு ஏதுப்பா சுகர்!" அன்றோடு அதை நிறுத்தினார். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று மற்றதையும் விட்டுவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. பிரிக்காத அட்டைகள் மாடக்குழியில் அகல் விளக்குக்குப் பின்னால் இருந்ததை அப்புறம்தான் பார்த்தோம்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஐந்தாவது வாரம் ஒரு ராத்திரி மறுபடி அதே திண்ணை, அதே தூண். இந்த முறை நான் கத்தவில்லை, 108ஐக் கூப்பிட்டேன். ஆறு நாள் ஆஸ்பத்திரி, ஊசி வழியாக நீர் இறக்கினார்கள். பம்பிங் 32க்கு வந்திருந்தது.

டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரை நோய்க்கென்று வந்த மருந்துதான். சிறுநீரகத்தின் வழியாகச் சர்க்கரையையும் கூடவே கொஞ்சம் உப்பையும் வெளியேற்றும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்ததைக் கவனித்திருக்கிறார்கள். 2019இல் வெளியான டாபா-எச்எஃப் ஆய்வில் 4,744 பேர். அவர்களில் பாதிக்கு மேல் சர்க்கரையே இல்லாதவர்கள். சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் ஒன்றுபோல: நோய் முற்றுவதும் இதய நோயால் சாவதும் சேர்த்து 26 சதவீதம் குறைந்தது. இதை முதல் நாளே அப்பாவுக்கு யாராவது இரண்டு வரியில் சொல்லியிருந்தால் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லியிருப்பார்.

இப்போது காலையில் எழுந்து வெளிக்குப் போய் வந்ததும், காபிக்கு முன்னால், எடை மெஷினில் ஏறுகிறார். தினசரி காலண்டர் தாளிலேயே எழுதிவிடுவோம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். போன பொங்கல் முடிந்த நாலாம் நாள் அப்படி ஏறியது. நீர் மாத்திரையை மூன்று நாளைக்குக் கூட்டினார்கள், இறங்கிவிட்டது.

•

நாகப்பட்டினத்திலிருந்து:

அக்கா, எங்க அம்மாவுக்கும் இதே நோய்தான், ஆனா கதை வேற மாதிரி. மாத்திரையை ஒரு வேளைகூட விடமாட்டாங்க. ஆனா மூட்டுவலின்னு கடையில டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. வலி மாத்திரை உடம்புல உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்னு எங்களுக்குத் தெரியாது. கால் வீங்கினதை முதல்ல பார்த்தது, மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர் பார்க்க வீட்டுக்கு வர்ற பொண்ணுதான்.

அதுக்கப்புறம் கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் நிறுத்தினோம். கடற்கரைக்காரங்களுக்குக் கருவாடு இல்லாத சோறு எவ்வளவு கஷ்டம்னு சொல்லத் தேவையில்ல. இதுல நான் ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணேன். சோடியம் கம்மின்னு போட்டிருந்த உப்பை வாங்கிக் கொடுத்தேன், கூடவே தெம்புக்குன்னு தினம் ஒரு இளநீர். அந்த உப்புல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம். இளநீர்லயும் பொட்டாசியம். அம்மா சாப்பிடுற ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தை வெளிய விடாது. ரத்தத்துல பொட்டாசியம் 6.2, ரொம்ப அதிகம். இதயத் துடிப்பே தாறுமாறாகியிருக்கும், நல்ல நேரத்துல டெஸ்ட் எடுத்தாங்க. தென்னை இருக்கிற வீட்டுக்காரங்க எல்லாரும் இதை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

•

மன்னார்குடியிலிருந்து:

என் மனைவிக்கு 27 வயது. குழந்தை பிறந்து மூன்றாவது வாரம் மாடிப்படி ஏறினால் இளைப்பு, கால் வீக்கம். "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் எல்லாரும். நானும் நம்பினேன். பிரசவத்தை ஒட்டி வரும் இதயத் தசை பலவீனம் அது. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து, குழந்தை பிறந்து ஐந்து மாதம் வரைக்கும் வரலாமாம். பம்பிங் 30இல் இருந்தது, பத்து மாதத்தில் 55 ஆகிவிட்டது. கடவுள் புண்ணியம். இனி மாத்திரையை நிறுத்தலாமா என்று இவள் தினமும் கேட்கிறாள். யாருக்காவது தெரியுமா?

•

திருவாரூர் பக்கம், ஓய்வு பெற்ற செவிலியர்:

தம்பி, முதலில் உங்களுக்கு. நீங்களாக நிறுத்தாதீர்கள். லண்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள், ட்ரெட்-எச்எஃப் என்று பெயர். இதயத் தசை பலவீனமாகி, மருந்தால் முழுக்கத் தேறியவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. பிரசவத்தில் வந்தது கொஞ்சம் தனி ரகம். சிலருக்கு நிறுத்த முடிகிறது, ஆனால் அதை இதய டாக்டர் எக்கோ பார்த்துப் பார்த்துத்தான் செய்யவேண்டும். இன்னொரு குழந்தை என்ற பேச்சு வந்தால் அதற்கு முன்னாலேயே அவரிடம் போங்கள்.

நான் 1990இல் வேலைக்குச் சேர்ந்தவள். அப்போதெல்லாம் இந்த நோயாளி வந்தால் ஆக்சிஜன், நீர் பிரிய லாசிக்ஸ் ஊசி, டிஜாக்சின் என்ற பழைய இதய மாத்திரை, கட்டிலை விட்டு இறங்காதே என்ற கட்டளை. வீட்டுக்கு அனுப்பும்போதே எங்களுக்குத் தெரியும், அடுத்த மாதம் திரும்பி வருவார் என்று. ஒரு அரிசி ஆலைத் தொழிலாளி ஒரே வருஷத்தில் ஏழு முறை அதே வார்டுக்கு வந்தார். எட்டாவது முறை வரவில்லை.

பைசோப்ரோலால் வகை மாத்திரையைப் பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கவே கூடாது என்றுதான் எங்களுக்குப் பாடம். துடிப்பின் வேகத்தைக் குறைப்பது ஆளையே கொன்றுவிடும் என்ற பயம். ஸ்வீடனில் வாக்ஸ்டீன் என்ற டாக்டர் 1975இலேயே ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து, தேறுகிறார்கள் என்று எழுதினார். உலகம் நம்ப 24 வருஷம் ஆனது. 1999இல் பைசோப்ரோலாலுக்கு ஒன்று, மெட்டோப்ரோலாலுக்கு ஒன்று என இரண்டு பெரிய ஆய்வுகள், இரண்டிலும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே வருஷம் ஸ்பைரனோலாக்டோனுக்கும் 30 சதவீதம் என்று வந்தது. அந்த அரிசி ஆலைக்காரர் சில வருஷம் தள்ளி வந்திருக்கக் கூடாதா என்று நினைப்பேன்.

பாபநாசம் பெண்ணுக்கு ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் எனலாபிரில் என்ற பிரஷர் மாத்திரையின் பழைய அட்டை கிடந்தால் அதை எடுத்துப்போட விடாதே. சாக்குபிட்ரில் சாப்பிடுகிறவர் இரண்டுக்கும் இடையில் 36 மணி நேர இடைவெளி இல்லாமல் அதைச் சாப்பிட்டால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கலாம். அப்பா விரதம் இருப்பவரா? வாந்தி பேதியோ, முழுப் பட்டினியோ என்றால் அந்தச் சர்க்கரை மாத்திரையை மட்டும் அன்றைக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வை.

•

பாபநாசம் பக்கத்திலிருந்து:

நன்றிங்கம்மா. எனலாபிரில் ஒரு அட்டை இருந்தது, பாட்டியுடையது, அதே மாடக்குழியில். எடுத்துவிட்டேன். அப்பா சஷ்டி விரதம் இருப்பார், ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருகிற செவ்வாய் கும்பகோணம் போகும்போது கேட்டு, அந்தக் காலண்டர் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு வருகிறேன்.