மாஸ்டரை லேபிளுக்கு எழுதிக் கொடுக்கலாமா?

பறைராகம்:
நானும் இரண்டு நண்பர்களும் ஒரு பாட்டு முடித்து வைத்திருக்கிறோம். சினிமாப் பாட்டு இல்லை. வரி, மெட்டு எல்லாம் எங்களுடையது, ஸ்டூடியோ வாடகையும் எங்கள் கைக்காசு. இன்ஸ்டாவில் போட்ட துண்டைக் கேட்டுவிட்டு ஒரு லேபிளிலிருந்து, அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். மொத்தமாக ஒரு தொகை தருவார்களாம், அவர்கள் யூடியூப் சேனலில் வருமாம், ஆனால் மாஸ்டர் அவர்களுக்காம். ஸ்பாட்டிஃபை மாதிரி தளங்களுக்குப் பாட்டை அனுப்பிவைக்கும் டிஸ்ட்ரோகிட் மாதிரி ஒரு சேவையில் நாங்களே ஏற்றிவிட்டால் என்ன? லேபிள் இல்லாவிட்டால் பாட்டு கிணற்றில் போட்ட கல்தான் என்று ட்ரம்மர் பயப்படுகிறான்.

மிக்ஸிங்மணி:
தம்பி, வரியும் மெட்டும் வேறு, பதிவான ஒலி வேறு. அந்த ஒலிதான் மாஸ்டர். நீங்களே காசு போட்டுப் பதிவு செய்ததால் இப்போது அது உங்கள் சொத்து, வெளியானபின் 60 வருடம் உரிமை உண்டு. அதை ஒரே செக்குக்கு விற்பதா? அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் 6 ஆல்பங்களின் மாஸ்டர் 2019இல், பழைய லேபிளை விற்றபோது அதோடு சேர்ந்து வேறு கைக்குப் போனது. பாட்டெழுதிய உரிமை கையில் இருந்ததால் அதில் நான்கை மறுபடி பாடிப் பதிவு செய்து வெளியிட்டார், அப்படியும் அந்த மாஸ்டர்களைத் திரும்ப வாங்க 2025 ஆகிவிட்டது. அவரிடம் பணம் இருந்தது, சரி. உங்கள் ஒப்பந்தத்தில் மறுபடி பதிவு செய்யத் தடை போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

கோர்ட்டுவாசல்:
மாஸ்டர் போனாலும் வரி எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு, காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. அதை வசூலிக்க, பாட்டெழுதுபவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வாங்கித் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகிவிடுங்கள். அப்புறம், உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் எத்தனை வருடத்துக்கு என்று எழுதாமல் விட்டால் சட்டப்படி 5 வருடம்தான், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் எந்த லேபிளும் "உலகெங்கும், உரிமைக்காலம் முழுவதும்" என்ற வரியை மட்டும் மறப்பதே இல்லை.

தாளம்தப்பியவன்:
தனியாகப் போனால் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள் நண்பா. டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா, கட்டாமல் விட்டால் பாட்டு இறங்கிவிடும், அப்படியே இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிக்காசு. அதே மாதிரி சேவையான சிடி பேபியில் ஒருமுறை கட்டினால் போதும், ஆனால் வருகிறதில் 9 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஸ்பாட்டிஃபையில் 2024லிருந்து, 12 மாதத்தில் 1000 முறையாவது ஓடாத பாட்டுக்குப் பைசா கிடையாது. நான் இப்படி ஏற்றிய பாட்டை என் சொந்தக்காரர்களே முழுசாகக் கேட்கவில்லை! லேபிள் நிஜமாகவே விளம்பரத்துக்குச் செலவழிக்கும் என்றால் அதற்கு ஒரு விலை இருக்கத்தான் செய்யும். மாஸ்டரை விற்காமல் 3 வருட லைசென்ஸ், அதாவது அதுவரை பயன்படுத்தும் அனுமதி மட்டும் கொடுங்கள், விளம்பரத்துக்கு எவ்வளவு போடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

மிக்ஸிங்மணி:
லைசென்ஸ் நல்ல யோசனை. ஒப்புக்கொள்ளவில்லையென்றால் ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பிலும் ஒரு பக்கம் திறந்து வையுங்கள், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம்தான் எடுக்கிறார்கள், வாங்குபவரின் மின்னஞ்சலும் கிடைக்கும். அடுத்த பாட்டு வரும்போது நேராக அவருக்கே சொல்லலாம்.

பறைராகம்:
நன்றி அண்ணா, எல்லாருக்கும். இப்போதுதான் பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தேன், 4ஆம் பக்கத்தில் கோர்ட்டுவாசல் சொன்ன அதே வரி. விளம்பரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 3 வருட லைசென்ஸ் என்றால் பேசலாம் என்று மெயில் போட்டிருக்கிறேன்.