எக்ஸ்போஷர்: ‘வெளிப்பாடு’ வேண்டாம், ‘ஒளியேற்பு’ என்போம்

அன்புடையீர், வணக்கம்.

கைப்பேசியில் வெளிப்புறப் படம் எடுக்கத் தொடங்குவோருக்காக நாம் திரட்டும் கையேட்டுச் சொற்பட்டியலில், எக்ஸ்போஷருக்கு (படம் எடுக்கும்போது கேமரா வாங்கும் ஒளியின் அளவு) நேரே ‘வெளிப்பாடு’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ‘ஒளியேற்பு’ என்று இட வேண்டுகிறேன். உணர்ச்சி வெளிப்பாடு என்கிறோம். உள்ளே இருப்பது வெளியே வருவது அது. கேமராவில் நடப்பது நேர்மாறு. வெளியே உள்ள ஒளியை உணரி (சென்சார்) ஏற்கிறது.

காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில், அதாவது வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில், உச்சி வெயிலில் மேயும் ஒரு வெளிர்நிற மயிலை மாட்டை எடுத்துக்கொள்வோம். கிளுவை வேலியும் வெள்வேல மர நிழலும் திரையை நிறைத்து, மாடு ஓரத்தில் சிறிதாக நின்றால், கைப்பேசி பெரும்பாலும் இருண்ட பரப்புக்கே இடம்கொடுத்து ஒளியைக் கூடுதலாக வாங்கிவிடும். மாட்டின் முதுகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கிட்டே போய் மாடே திரையை நிறைக்கும்படி எடுத்தால் கதை தலைகீழ்: வெள்ளையை நடுச் சாம்பலாக்கப் பார்த்து ஒளியைக் குறைத்து வாங்கும், மாடு மங்கிப்போகும். முதல் படத்துக்கு, மாட்டின் மேல் விரலால் தொட்டு, அருகே தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுக்க வேண்டும், திமிலின் மடிப்பு தெரியும்வரை. இரண்டாவதற்கு மேலே தள்ள வேண்டும். ‘ஒளியேற்பைக் குறை’, ‘ஒளியேற்பைக் கூட்டு’ என்று எழுதினால் புதியவருக்குக் கை தானாக நகரும். ‘வெளிப்பாட்டைக் குறை’ என்றால் அவர் எதைக் குறைப்பார்?

மிகையேற்பு, குறையேற்பு, விரலை அழுத்திப் பிடித்தால் விழும் ஏற்புப் பூட்டு எனக் கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன.

படத்தை வெளிச்சமாக்கும் ஐஎஸ்ஓ அமைப்பைக் கூட்டினால் வந்து விழும் ஒளி கூடுவதில்லையே, அதையும் ‘ஒளியேற்பு’ என்பதா என்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து நண்பர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. கூடுவது ஒளியன்று, உணரி தரும் மின்குறிகையின் (சிக்னல்) பெருக்கம். ஆனால் பெரும்பாலான கைப்பேசிகளில் லென்ஸின் துளையளவு (அபெர்ச்சர்) மாறாதது. ஒளி விழும் ஷட்டர் நேரத்தையும் ஐஎஸ்ஓவையும் கருவியே சேர்த்து நகர்த்துகிறது. பயனர் கையில் இருப்பது ஒரே இழுவை. அதற்கு ஒரே பெயர் போதும்; ஐஎஸ்ஓவுக்கு ‘உணர்திறன்’ தனியே இருக்கட்டும்.

மிகப் பளிச்சென்ற இடம் விவரமிழந்து வெறும் வெள்ளையாகிவிடும் ஹைலைட் கிளிப்பிங்குக்கு முன்மொழியப்பட்ட ‘ஒளிவெட்டு’ எனக்கு உடன்பாடில்லை. அங்கே எதுவும் வெட்டுப்பட்டதாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘வெளிறல்’ என்பதே என் பரிந்துரை. கொடிவேரி அணையில் நண்பகலில் எடுத்த படத்தில் நுரைத்து விழும் தண்ணீர் வெளிறிவிட்டால், ஜேபெக் கோப்பில் அந்த இடத்தின் மூன்று நிறங்களும் உச்ச அளவான 255-இல் முட்டி நிற்கும். ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியில் எவ்வளவு இழுத்தாலும் சாம்பல் பூச்சுதான் மிஞ்சும், நீரின் இழை திரும்பாது. நிழலில் கிடக்கும் பாறையையோ, சற்றுப் புள்ளி புள்ளியாக இரைச்சல் (நாய்ஸ்) தட்டினாலும், பிறகு வெளிச்சமாக்கித் தூக்கிவிடலாம். ஆகவே கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைப் போட வேண்டும்: ‘வெளிறாமல் எடுங்கள், நிழலைப் பிறகு தூக்கலாம்.’

கருவி கணித்த ஒளியேற்பை நாம் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனுக்கு மட்டும் இன்னும் தயங்குகிறேன். ‘ஏற்பு ஈடு’ சுருக்கமானது, ஆனால் ஈடு என்றால் இழப்பீடு நினைவுக்கு வருகிறது. ‘ஏற்புத் திருத்தம்’ கூட்டல், குறைத்தல் இரண்டையும் தாங்குமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.