டர்பன், போர்ட் லூயிஸ் – ஆபீஸ் போன் எங்கே மலிவு?

சாட்ஸ்வொர்த் மசாலா:
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மொத்த வியாபாரம். மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் சின்ன ஆபீஸ் போடப் போகிறோம். இரண்டு இடத்திலும் தலா 4 போன். இங்கே விலை ரேண்டில், அங்கே மொரீஷியஸ் ரூபாயில். போனுக்கான மாத வாடகையை அன்றைய மாற்று விலையில் போட்டு ஒப்பிட்டால் போதுமா?

பீனிக்ஸ் வயர்மேன்:
போதாது அண்ணா. பில்லை ஏற்றுவது வாடகை இல்லை, கணக்கிடும் முறை. நொடிக் கணக்கா, நிமிடக் கணக்கா என்று முதலில் கேளுங்கள். 20 நொடி அழைப்பு 100 பேசினால் நொடிக் கணக்கில் 33 நிமிடம் சொச்சம்; நிமிடக் கணக்கில் முழு 100 நிமிடம். "சரக்கு வந்துச்சா?" என்று கேட்டு வைத்துவிடும் கடைக்கு இது மூன்று மடங்கு.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) இரண்டு நாட்டிலும் 15 சதவீதம்தான். ஆனால் ஒரு விலைப் பட்டியலில் சேர்த்திருப்பான், இன்னொன்றில் சேர்த்திருக்க மாட்டான். இரண்டையும் வாட் நீக்கிப் பாருங்கள்.

டர்பனில் ஃபைபர் கம்பி ஒருவருடையது, இன்டர்நெட் இன்னொருவர், போன் எண் மூன்றாமவர் என்று பிரிந்திருக்கலாம். பொருத்தும் கூலி, ரவுட்டர், எண் மாற்றும் கட்டணம் தனித்தனியாக வருமா என்று எழுதி வாங்குங்கள். 031 என்ற டர்பன் குறியீட்டோடு உள்ள பழைய எண்ணே வேண்டுமென்றால், அது புதிய கம்பெனிக்கு மாறி (போர்ட் ஆகி) முடியும்வரை பழைய லைனை ரத்து செய்யாதீர்கள். எண் கைவிட்டுப் போகும்.

ரோஸ்ஹில்:
இங்கே மொரீஷியஸில் ஊர்க் குறியீடே இல்லை. லேண்ட்லைன் 7 இலக்கம், மொபைல் பெரும்பாலும் 5-இல் தொடங்கும் 8 இலக்கம். வாடிக்கையாளர் பெரும்பாலும் மொபைலில்தான் இருப்பார்கள். லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு என்ன விலை என்று மொரீஷியஸ் டெலிகாம், எம்டெல் கம்பெனிகள் இரண்டிலும் தனியாகக் கேளுங்கள். பளபளப்பான "இலவச நிமிடம்" பெரும்பாலும் லேண்ட்லைனுக்குள்தான்.

இரண்டு ஆபீஸும் ஒன்றோடொன்று பேச வெளிநாட்டுக் கட்டணம் எதற்கு? ஒரே ஐபி பிபிஎக்ஸில் (இன்டர்நெட் வழியாக ஓடும் ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச்) டர்பனுக்கு 201, இங்கே 301 என எக்ஸ்டென்ஷன் போட்டால் டேட்டா செலவு மட்டும். ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்) வேகம் வேண்டும்; நான்கு அழைப்புக்கு 350. அப்லோடு அதைத் தாங்க வேண்டும். டர்பனில் காலை 8 என்றால் இங்கே 10. ஆபீஸ் நேர அறிவிப்பை இரண்டுக்கும் தனித்தனியாக அமையுங்கள்.

சாட்ஸ்வொர்த் மசாலா:
நன்றி. ஐபி போனில் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கிறது என்கிறார்களே?

பீனிக்ஸ் வயர்மேன்:
பல நேரம் ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி கெடுக்கும் வேலை அது. அந்த வசதியை அணைத்துவிட்டு ரவுட்டரை ஒருமுறை நிறுத்தி மறுபடி போடுங்கள். வெளிநாட்டு அழைப்பைப் பூட்டி, பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். திருடர்கள் புகுந்தால் ஒரே ராத்திரியில் பில் எகிறும்.

மின்வெட்டுச் செலவையும் சேருங்கள். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், போன் பேஸ் மூன்றும் சுமார் 30 வாட் என்று வைத்தால் 4 மணி நேரத்துக்கு 120 வாட்-மணி. சாதாரண 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஈய பேட்டரியில் கணக்குப்படி 84 வாட்-மணி இருக்கும், பாதிதான் உபயோகம். லித்தியம் 12.8 வோல்ட் 12 ஏஎச் (சுமார் 154 வாட்-மணி) வாங்குங்கள்.

ரோஸ்ஹில்:
இங்கே கவலை புயல். கம்பத்தில் போகும் கம்பி அறுந்தால் பேட்டரி உதவாது. அழைப்பு தானாக மொபைலுக்குத் திரும்பும்படி வைத்து, அந்தத் திருப்பலுக்கும் நிமிடக் கட்டணம் உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.